மார்ச் பன்னிரண்டாம் தேதித் தாள்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் அதை வெளியே சொல்லக் கூடாதாம், சொன்னால் திரும்பி வந்துவிடுமாம். நீ நலமா? பட்டறையில் விரலை வெட்டிக்கொள்ளாமல் இருக்கிறாயா?

அப்பாவைப் பற்றி நீ கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். நேற்று அப்பா டிப்போ வாசலிலிருந்து தன் நாற்காலி வரை பின்பக்கமாகவே நடந்து போனார். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. காலண்டரில் அப்படிப் போட்டிருந்தது.

இந்த வருடம் எங்கள் அச்சகக் காலண்டரில் ஒவ்வொரு தாளின் அடியிலும் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. 'இன்று பின்னோக்கி நடக்கும் நாள்', 'இன்று ஒற்றைக் காலுறையைத் தேடும் நாள்', இப்படி. ஊரெல்லாம் சிரித்துவிட்டுக் கிழித்துப் போடுகிறார்கள். அப்பா மட்டும் அதை அந்தக் காலத்து டியூட்டி சீட்டு மாதிரி எடுத்துக்கொள்கிறார். "தாள்ல போட்டாச்சுன்னா போட்டாச்சு. டிரைவர் வண்டிய எடுக்கணும், அவ்வளவுதான்" என்கிறார். தேதி பெரிதாக இருப்பதால் அதை அவரே பார்த்துக்கொள்கிறார். அடியில் இருக்கும் வரியை நான்தான் வாசிக்க வேண்டும். "எழுத்தையெல்லாம் எறும்பு மாதிரி அடிச்சா யார் படிக்கிறது" என்று எங்கள் அச்சகத்தைத்தான் திட்டுகிறார்.

நீ டிப்போ அதிகாரியிடம் போய், எங்கப்பாவுக்குச் சிவப்பு விளக்கு தெரியவில்லை என்று சொல்லி, அவரை ஸ்டீரிங்கிலிருந்து இறக்கி, நேரம் குறிக்கும் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு வருடம் ஆகிறது. கண்ணாடி மட்டும் இன்னும் போடவில்லை. போட்டால் நீ சொன்னது சரி என்று ஆகிவிடும் இல்லையா.

இன்னொரு செய்தி. அடுத்த வருடக் காலண்டருக்கு வேலை தொடங்கிவிட்டது. இந்த வரிகளை எழுதி அனுப்புகிற பெரியவரை நாங்கள் நாள்காரர் என்போம். அவர் பட்டியலைத் தபாலில் அனுப்பியிருக்கிறார். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அதைத் திருத்தமாக எழுதித் தரும்படி ஃபோர்மேன் என்னிடம் கொடுத்தார். அதில் முப்பத்தோரு தேதிகளுக்கு எதிரே 'ஏதாவது போட்டுக்கொள்ளவும்' என்று மட்டும் இருக்கிறது. யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. தெரிந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். என்ன செய்யட்டும்?

உன்,
முணுமுணு

*

ஜூன் 15

முணுமுணுவுக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். விரல் பத்தும் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அம்மாவின் முழங்காலை நான் விசாரிக்கவில்லை என்று சொல்.

வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காக ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தையே விட்டவள் நீ. போய்க் கேள் என்று சொன்னால் கேட்கவா போகிறாய்? நீயே நிரப்பு. பெரியவரே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன பயம்?

என் அறையில் இருக்கிற நாலு பேரையும் கேட்டு, ஆளுக்கு ஒன்று வாங்கியிருக்கிறேன். பாடத் தெரியாதவர்கள் பாடும் நாள். கொட்டாவி விட்டவரை மன்னிக்கும் நாள். யாரிடமும் 'பார்க்கலாம்' என்று சொல்லாத நாள். நாற்காலியை இடம் மாற்றும் நாள். என்னுடையது, ஒன்றும் செய்யாத நாள். காலையிலிருந்து லென்ஸ் தேய்க்கிறவளுக்கு வேறு என்ன தோன்றும்?

அப்பா பின்னால் நடந்ததைப் படித்து அறையே சிரித்தது. நான் சிரித்தேனா என்று கேட்காதே.

மார்ச் கடைசியில் பட்டறையைப் பத்து நாள் மூடுகிறார்கள், இயந்திரங்களைக் கழற்றி மாட்டுவதற்காக. வீட்டுக்கு வா என்று நீ எழுதுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். "இனி என் கண்ணுல படாதே" என்று சொன்னவர் அப்பா. வா என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். ஒரு வரி போதும், ஒரு கார்டு போதும். அது வராமல் நான் படி ஏற மாட்டேன்.

அக்கா

*

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் அச்சக முகவரிக்குப் பத்திரமாக வந்தது. எல்லோரும் சுகம். அம்மா உன் முழங்கால்களை விசாரித்தாள், பழிக்குப் பழியாக.

முப்பதை நிரப்பிவிட்டேன். எனக்கும் எழுத வருகிறது என்று இப்போதுதான் தெரிந்தது. வாயைத் திறக்க வேண்டியதில்லை அல்லவா. 'குடைக்கு நன்றி சொல்லும் நாள்.' 'தெரியாதவருக்கு நிதானமாக வழி சொல்லும் நாள்.' 'தொங்கிக்கொண்டிருக்கும் பொத்தானைத் தைக்கும் நாள்.' அப்பாவின் நீலச் சட்டையைப் பார்த்துக்கொண்டே எழுதியது அது. உன் ஒன்றும் செய்யாத நாளை மார்ச் 13-ல் போட்டிருக்கிறேன். ஏன் அந்தத் தேதி என்று பிறகு சொல்கிறேன்.

பாக்கி இருப்பது மார்ச் 12. அதற்கும் ஒன்று வைத்திருக்கிறேன், இன்னும் எழுதவில்லை. எழுதப் போனால், பேனாவுக்கு மை ஊற்ற எழுந்து போய்விடுகிறேன்.

நேற்று 'இடது கையால் எழுதும் நாள்'. அப்பா பஸ்கள் வந்த நேரத்தையெல்லாம் இடது கையால் குறித்தார். ஏழு மணி வண்டி ஒன்பது மணிக்கு வந்ததாகப் பதிவாகி, அந்த டிரைவர் வந்து "அண்ணே, நான் என்ன தப்பு செஞ்சேன்" என்று கேட்டாராம். அம்மா சொன்னாள், "வலது கையால எழுதியிருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும், கிட்ட வச்சுப் பாத்தாத்தானே."

உன்,
முணுமுணு

*

ஆகஸ்ட் 11

முணுமுணுவுக்கு,

எல்லோர் உடம்பும் நன்றாக இருக்கட்டும். இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வருகிறது, கவனமாகப் பிரி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்குக் கண் பரிசோதனை செய்த சீட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதை வைத்து நானே தேய்த்தேன். முதல் ஜோடியில் கீறல் விழுந்தது, இரண்டாவதை மேஸ்திரி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார், இது மூன்றாவது. சட்டம் கறுப்பு. அப்பா மூக்குக்கு அகலம் சரியாக இருக்கும், என் மூக்கும் அதே மூக்குதானே.

என் பெயரைச் சொல்லாதே. ஒன்றுமே சொல்லாதே. அலமாரியில் சவரச் சாமான் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடு.

அக்கா

*

செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பெட்டியை நீ சொன்ன இடத்தில் வைத்தேன். மறுநாள் அப்பா சவரம் செய்தார், பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு பிளேடை எடுத்தார். "இது யாருது?" என்று கேட்டார். நான் சும்மா இருந்தேன். அம்மா, "எனக்கென்ன தெரியும், அலமாரி உங்களுது" என்றாள். ஒரு மாதமாகப் பெட்டி அதே இடத்தில் இருக்கிறது. திறந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அச்சகத்தில் பெரிய கண்டம் ஒன்றைத் தாண்டினேன். பிழை திருத்துகிற அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறேனே, எங்கே பார்த்தாலும் கமா போடுகிறவர், கமா அம்மா என்போம். பட்டியல் அச்சுக் கோத்து அவர் மேசைக்குப் போயிற்று. சிவப்புப் பேனாவோடு படித்துக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து, "நாள்காரருக்கு இந்த வருஷம் வயசு குறைஞ்சுடுச்சு போல" என்றார். எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கமாவைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

அந்தக் கமா விழுந்தது மார்ச் 12-ல். இனி உன்னிடம் மறைக்க முடியாது. நான் எழுதியது இதுதான்: 'இன்று, கோபித்துக்கொண்டவருக்குக் கடிதம் எழுதும் நாள்.'

தாளில் போட்டால் அப்பா செய்வார். எழுதிவிட்டு அவருக்குக் களைப்பாக இருக்குமே என்றுதான் மறுநாள் ஒன்றும் செய்யாத நாள். நீ மார்ச் கடைசியில் வந்துவிடலாம்.

உன்,
முணுமுணு

*

செப்டம்பர் 24

முணுமுணுவுக்கு,

நலம்.

நீ செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. தாள் சொன்னதற்காக அப்பா பின்பக்கமாக நடந்தார். தாள் சொன்னதற்காக இடது கையால் எழுதினார். அந்த வரிசையில் எனக்கும் ஒரு கடிதமா? வந்தால் அதை நான் எப்படிப் படிப்பது? அப்பா கூப்பிட்டார் என்றா, காலண்டர் கூப்பிட்டது என்றா?

அந்த வரியை எடுத்துவிடு. எடுக்க முடியாது என்றால் அன்றைக்கு அதை வாசிக்காதே.

அக்கா

*

டிசம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. அதனால் நீ நலம் என்று நானே வைத்துக்கொண்டேன்.

உன் கடிதம் வந்தபோது மார்ச் மாதத் தாள்கள் அச்சாகிக் காய்ந்துகொண்டிருந்தன. முதன்முறையாக நானாகப் போய் ஃபோர்மேனிடம் பேசினேன். "மார்ச் பன்னெண்ட மாத்தணும்" என்றேன். இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "மாத்தறதா? எட்டாயிரம் தாளும் ஓடியாச்சு கண்ணு" என்றார். அத்தோடு முடிந்தது.

இப்போது நாங்கள் தாள் அடுக்குகிறோம். நீளமான மேசையைச் சுற்றி நடந்துகொண்டே மாதக் கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்து, தட்டிச் சீராக்கி, தலையில் தகரப் பட்டை வைத்து அடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மார்ச் என் கை வழியாகத்தான் போகிறது. ஒரே ஒரு தாளைப் பிய்த்துவிட்டு வீட்டுக்கு ஒரு காலண்டர் கொண்டுபோகலாமா என்று தோன்றியது. ஆனால் ஒரு தேதி குறைந்தால் அப்பா அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார். நேரம் குறிக்கிறவர் அல்லவா.

அதனால் சத்தியம் செய்கிறேன். அன்றைக்கு வேறு எதையாவது வாசித்துவிடுவேன். நான் பொய் சொல்லி நீ பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. என் மேல் உனக்குக் கோபமா?

உன்,
முணுமுணு

*

ஜனவரி 8

என் முணுமுணுவுக்கு,

கோபம் உன் மேல் இல்லை. யார் மேல் என்று யோசித்துப் பார்த்தேன், யார் மேலும் முழுசாக நிற்கவில்லை. அதனால்தான் எழுத வரவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

நீ அனுப்பிய காலண்டரை அறையில் மாட்டியாயிற்று. முந்தாநாள் 'பாடத் தெரியாதவர்கள் பாடும் நாள்'. நாங்கள் ஐந்து பேரும் பாடினோம், கீழ்வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வந்து, "மன்னிக்கும் நாள் எப்போ வருது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அது கொட்டாவிக்குத்தான் என்று சொல்லி அனுப்பினோம்.

அங்கே யாராவது பாடினார்களா?

அக்கா

*

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டதும் எனக்கு இருந்த சளியே போய்விட்டது. மற்றபடி மூவரும் சுகம்.

பாடினார்களா என்று கேட்டாய். அப்பா பாடினார். குளித்துக்கொண்டே தொடங்கி, தெருமுனை வரை பாடிக்கொண்டே போனார். அம்மா கதவைச் சாத்திவிட்டு, "யாராவது கேட்டா நான் இங்க வாடகைக்கு இருக்கேன்னு சொல்லு" என்றாள். பார்க்கலாம் என்று சொல்லாத நாளில் அம்மா காத்திருந்து, புதுத் திரைச்சீலை வேண்டும் என்று கேட்டாள். அப்பா வாயைத் திறந்தார், மூடினார், "சரி" என்றார். திரைச்சீலை பச்சை நிறம், நன்றாக இருக்கிறது.

நாள்காரர் அச்சகத்துக்கே வந்துவிட்டார். தான் 'ஏதாவது' என்று விட்ட நாட்கள்தான் நன்றாக இருக்கின்றன, யார் எழுதியது என்று நடுக்கூடத்தில் நின்று கேட்டார். கமா அம்மா தலை நிமிராமல், "கேக்கறார்ல, சொல்லேன்" என்றார். "நான்" என்றேன். இயந்திரம் ஓடாத நேரம், எல்லோருக்கும் கேட்டது. "அப்ப அடுத்த வருஷம் எல்லாத்துக்கும் ஏதாவதுன்னே எழுதி அனுப்பறேன்" என்றார் பெரியவர்.

பெட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனித்தேன். அலமாரி முழுக்கத் தூசி, பெட்டி மேல் மட்டும் இல்லை. அம்மா துடைத்திருப்பாள்.

மார்ச் 12 நெருங்குகிறது. சத்தியம் நினைவிருக்கிறது.

உன்,
முணுமுணு

*

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இப்போதுதான் வேலைக்கு வந்தேன். நலம் விசாரிக்க நேரமில்லை, கூப்பிடுகிறார்கள்.

வாசிக்கவில்லை. அப்பா தேதியைக் கிழித்து, வழக்கம்போல என்னிடம் நீட்டினார். "இன்று குடை உலர்த்தும் நாள்" என்றேன். குரல் எங்கிருந்து வந்ததோ, அடுக்களையிலிருந்து அம்மா, "ஏண்டி கத்தறே?" என்றாள். அப்பா என் முகத்தைப் பார்த்தார். தாளைத் திரும்ப வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது. மூன்று குடைகளையும் எடுத்து வாசலில் விரித்து வைத்துவிட்டு டிப்போவுக்குப் போனார்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். எனக்கு அழுகையாக வருகிறது, ஆனால் உன் மேல் வருத்தம் இல்லை.

முணுமுணு

*

மார்ச் 13
டிப்போ

பெரியவளுக்கு,

நான் சுகம். உன் அம்மா சுகம், முழங்கால் உட்பட. சின்னவள் சுகம்.

நேற்றைய தாள் உனக்குக் கடிதம் எழுதச் சொன்னது. சின்னவள் குடை என்று வாசித்தாள். தாளில் குடையே இல்லை. இருந்தாலும் விரித்து வைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவ்வளவு சத்தமாக ஒன்றைச் சொல்லியிருக்கிறாள், அது வீணாகப் போக வேண்டாம் என்று.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நவம்பர் மாதத்திலிருந்து கண்ணாடி போடுகிறேன். டிப்போவில் மட்டும். இங்கேயும் சின்னவளின் அச்சகக் காலண்டர்தான் தொங்குகிறது, இந்த மாதத் தாள்களை முன்பே புரட்டிப் படித்துவிட்டேன். வீட்டில் இருப்பது வெறும் பெட்டி. யார் செய்தது என்று மூக்கில் வைத்ததுமே தெரிந்தது. கடையில் வாங்கியது எதுவும் இப்படி உட்காராது. உன் கடிதங்கள் அச்சகத்துக்கு வருவதும் தெரியும். அச்சகத்துக்குத் தபால் கொண்டுபோகிறவர் இருபது வருடம் என் பஸ்ஸில் வந்தவர்.

போட்ட அன்று ஒன்று பார்த்தேன். டிப்போ சுவரில் கறை என்று நான் நினைத்திருந்தது ஒரு அறிவிப்பு. இங்கே சைக்கிள் நிறுத்தக் கூடாது என்று எழுதியிருந்தது. இரண்டு வருடமாக என் சைக்கிளை அதன் கீழேதான் நிறுத்தி வந்தேன். நாற்பது பேர் வேலை பார்க்கிற இடம், மரியாதைக்காக ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவள் நீ ஒருத்திதான். நீ ஊரில் இல்லை.

அன்று அந்தச் சிவப்பு விளக்கு எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது என்று இவ்வளவு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்றே எழுதியிருக்கலாம். எழுதினால், தாள் சொல்லித்தான் எழுதினார் என்று நினைப்பாய். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். இன்றைய தாளை எடுத்துப் பார். ஒன்றும் செய்யாத நாள். காலையிலிருந்து ஒரு வண்டிக்கும் நேரம் குறிக்காமல் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதை மட்டும் செய்கிறேன்.

வீட்டுக்கு வா. எந்த வண்டி என்று எழுது. நிலையத்துக்கு நானே வருகிறேன்.

அப்பா

*

மார்ச் 19

என் முணுமுணுவுக்கு,

நான் நலம், நலம், நலம். கீழ்வீட்டுக்காரர் மறுபடியும் மேலே வந்து, இன்றைக்கு என்ன நாள் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அப்பாவின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ படித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு, சத்தமாக. பிறகு எனக்கே திருப்பிக் கொடுத்துவிடு. அந்த வெறும் பெட்டியை மட்டும் தொடாதே, இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பட்டறை இருபதாம் தேதியோடு மூடுகிறது. இருபத்திரண்டு காலை ஆறரை மணி ரயிலில் வந்து இறங்குகிறேன். அப்பாவுக்கும் எழுதிவிட்டேன். பச்சைத் திரைச்சீலை பார்க்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்.

ஒரு உதவி செய். நீயும் நிலையத்துக்கு வருவாய் அல்லவா? வண்டி நின்றதும் நான் கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நிற்கப் போகிறேன். கை அசைக்க மாட்டேன், கூப்பிடவும் மாட்டேன். என்னைப் பார்த்துவிட்டாலும் நீ வாயைத் திறக்காதே. அது உனக்குக் கைவந்த வேலைதானே.

நான் தேய்த்த லென்ஸ் எவ்வளவு தூரம் பார்க்கிறது என்று பார்த்துவிடலாம்.

அக்கா